புஜபலமும் புரோட்டீன் புரட்டும்

நமது வாலிபர்களிடையே தேகப்பயிற்சி செய்யும் பழக்கம் சமீப காலமாய் மிகவும் பெருகி வருவதைக் கண்டு நாம் மகிழ்ச்சியடைகின்றோம். பெரிய பட்டணங்களில் மாத்திரமல்லாமல் சிறு ஊர்களிலுங்கூட, மளிகைக் கடை மாடியிலும், பட்டறைக்குப் பின்கட்டிலும், "ஜிம்" என்கின்ற பயிற்சிச் சாலைகள் தோன்றி, பகலெல்லாம் உழைத்த பிள்ளைகள் மாலையில் அங்கு போய் இரும்பைத் தூக்குகின்றார்கள். நேற்றுவரை முதுகு வளைந்து நின்றவர்களின் மக்கள் இன்று நெஞ்சு நிமிர்ந்து நிற்க ஆசைப்படுவதை யோக்கியமான எவரும் குறை சொல்ல முடியாது. சில இடங்களில் பெண்களும் வரத் தொடங்கியிருக்கின்றார்கள் என்பது அதனினும் நல்ல சேதியேயாகும்.

ஆனால், கோவில் பூசாரியிடமிருந்து தப்பி வந்தவனைத் தெருமுனையில் கோடங்கிக்காரன் பிடித்துக் கொண்டது போல, இந்தப் பயிற்சிச் சாலைக்குள்ளும் ஒரு புரோகிதம் புகுந்து கொண்டது. அதற்கு மூலமந்திரம் "புரோட்டீன்" என்பது. அதற்கு விக்கிரகம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. அந்த டப்பாவின் மேல் மலைபோன்ற தோள்களோடு ஒருவன் நிற்பதாகப் படம் போட்டிருக்கும். உள்ளே இருப்பது பொடி. மாதம் பதினையாயிரம் ரூபாய் சம்பாதிக்கும் ஒரு வாலிபன் அதில் மூவாயிரத்தை இந்த டப்பாவுக்கு அழுகின்றான் என்று வைத்துக் கொள்வோம். அவன் வீட்டில் அந்த மாதம் முட்டை வாங்கப்பட்டதா, பருப்பு வாங்கப்பட்டதா, அவன் தாயாரும் தங்கையும் என்ன சாப்பிட்டார்கள் என்பதை யார் கேட்கின்றார்கள்?

"ஏனப்பா இவ்வளவு?" என்று கேட்டால், "உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மூன்று கிராம், நான்கு கிராம் புரோட்டீன் இறங்கினால்தான் சதை ஏறும்" என்கின்றான். "யார் சொன்னது?" என்றால், "மாஸ்டர் சொன்னார்" என்கின்றான். "மாஸ்டருக்கு யார் சொன்னது?" என்றால், கைப்பேசியில் சட்டையைக் கழற்றி நின்று பேசும் ஒருவரைக் காட்டுகின்றான். அவருக்குச் சொன்னது யாரென்று விசாரித்தால், அவருக்குக் கூலி கொடுக்கும் பொடி வியாபாரியின் வாசலில் போய் நிற்க வேண்டியதாகின்றது! "பெரியவர்கள் சொன்னார்கள், சாஸ்திரம் சொல்லுகின்றது" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இந்த விஷயத்தில் "எவ்வளவு" என்பது நம்பிக்கையினால் தீரவேண்டிய கேள்வி அல்ல. தராசினால் தீரவேண்டிய கேள்வி. தராசில் போட்டுப் பார்த்தவர்கள் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாகவே இருந்து வருகின்றார்கள். அவர்கள் கண்டதைப் பாமர மக்களுக்குச் சொல்லுவாரில்லாத குறைதான் வியாபாரிக்கு மூலதனமாயிருக்கின்றது. ஆகவே அதைச் சற்று விரிவாய்ச் சொல்லுவோம்.

புரோட்டீன் என்கின்ற பெயரே 1838-ல் வந்தது. முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார்கள். பெயரிலேயே கிரீடம் வைத்தாயிற்று. அதன்பின் ஜெர்மனியில் லீபிக் என்னும் மகா ரசாயன பண்டிதர், 1842-ல் தாம் வெளியிட்ட புஸ்தகத்தில், சதை வேலை செய்யும்போது எரிந்துபோவது புரோட்டீனே என்கின்ற கருத்தை நிலைநாட்டினார். கூலியாள் எவ்வளவுக்கெவ்வளவு உழைக்கின்றானோ அவ்வளவுக்கவ்வளவு மாமிசம் தின்ன வேண்டும் என்பது அதன் முடிவு. பண்டிதர் பெரியவர், ஆகவே உலகம் கைகட்டிக் கொண்டது. 1865-ல் அவருடைய பெயராலேயே மாட்டிறைச்சிச் சாறு காய்ச்சி விற்கும் கம்பெனியும் லண்டனில் ஏற்பட்டுவிட்டது. ஆனால் அந்தச் சாற்றில் இறைச்சியின் ருசி இருந்ததேயொழிய, அதன் புரோட்டீன் மிகச் சொற்பமே இருந்தது என்று பின்னால் தெரியவந்தது. தத்துவம் ஒரு கையில், ஜாடி மறு கையில்! இந்த ஜோடிப் பொருத்தம் இன்றைக்கு நேற்று ஏற்பட்டதல்ல என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

அதே 1865-ம் வருஷத்தில் ஃபிக், விஸ்லிசெனுஸ் என்கின்ற இரண்டு பேர், "பண்டிதர் சொன்னது இருக்கட்டும், மலையேறித்தான் பார்ப்போமே" என்று புறப்பட்டார்கள். சுவிட்சர்லாந்திலுள்ள ஃபவுல்ஹார்ன் என்னும் மலைமேல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் ஏறினார்கள். முதல் நாளிலிருந்தே புரோட்டீன் உள்ள ஆகாரத்தை நிறுத்திவிட்டு, மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்த்துச் சுட்ட பணியாரத்தையும், சர்க்கரை போட்ட தேநீரையும் மாத்திரம் சாப்பிட்டார்கள். தங்கள் மூத்திரத்தைச் சேர்த்துவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, உடம்பில் எவ்வளவு புரோட்டீன் உடைந்தது என்று கணக்குப் போட்டார்கள். உடைந்த புரோட்டீன் முழுவதும் எரிந்ததாகவே வைத்துக் கொண்டாலும், தங்கள் உடலை அந்த மலைமேல் ஏற்றிய வேலைக்கு அது போதவில்லை என்று கண்டார்கள். பண்டிதரின் தத்துவம் மூத்திரக் கலயத்தில் முடிந்தது! இதிலே அசிங்கம் ஒன்றுமில்லை. மூத்திரத்தைத் தீர்த்தமென்று குடிக்கின்றவர்களும் இருக்கின்ற தேசத்தில், அதை அளந்து பார்த்து அறிவைக் கண்டவர்களை நாம் போற்றவே வேண்டும்.

அப்படியிருந்தும் பெரிய எண்கள் ஓயவில்லை. மியூனிச் நகரத்து ஃபோய்ட் என்னும் பண்டிதர், உழைப்பாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் வேண்டுமென்றார். அவர் கண்டது, வசதியுள்ள உழைப்பாளிகள் சாப்பிட்டு வந்தது எவ்வளவு என்பதைத்தான். சாப்பிட்டு வந்ததைச் சாப்பிட வேண்டியதாக மாற்றிவிட்டார்கள். வழக்கத்தையே விதியாக்குவது நமது ஊர் வைதீகர்களுக்கு மாத்திரம் சொந்தமான வித்தையல்ல போலும். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் சிட்டென்டன் என்பவர், தம்மையும், உடன் வேலை செய்தவர்களையும், சிப்பாய்களையும், விளையாட்டு வீரர்களான மாணவர்களையும் மாதக்கணக்கில் ஏறக்குறைய அதில் பாதி அளவிலேயே வைத்துப் பார்த்து, அவர்கள் பலம் குன்றவில்லை என்று 1904-ல் வெளியிட்டார். அவர் முடிவையும் உலகம் வேதமாக வைத்துக் கொள்ளவில்லை. பின்னால் வந்தவர்கள் அதையும் அளந்தார்கள், திருத்தினார்கள். அதுதான் அறிவின் வழி.

நிற்க, இன்றைய கணக்கைப் பார்ப்போம். சாதாரணமாய் வாழும் வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனமும், நமது நாட்டு ஆராய்ச்சியாளரும் ஒப்புக் கொண்ட அளவு. இரும்பைத் தூக்கிச் சதையை வளர்க்க விரும்புகின்றவர்களுக்கு இது போதாது, கூடத்தான் வேண்டும். எவ்வளவு கூட? 49 சோதனைகளை, அவற்றில் கலந்து கொண்ட 1,863 பேரின் கணக்கோடு ஒன்று சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் வரையில் புரோட்டீன் கூடக்கூடச் சதையின் வளர்ச்சியும் சற்றுக் கூடுகின்றது. அதற்குமேல் கொட்டினால் கூடுதல் பலன் தென்படவில்லை என்பது அதன் முடிவு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்குமாதலால், சிலருக்கு 2.2 கிராம் வரையில் பயன்படவும் கூடும் என்று அவர்களே சொல்லியிருக்கின்றார்கள். நமக்கு அனுகூலமானதை மாத்திரம் சொல்லி மற்றதை மறைப்பது புராணிகர் வேலையாதலால் அதையும் சொல்லிவிட்டோம். ஆனால் மூன்று எங்கே, நான்கு எங்கே?

அந்த ஆராய்ச்சியிலேயே இன்னொரு கணக்கும் இருக்கின்றது. பயிற்சி செய்தவர்கள் ஒரு தடவையில் தூக்கக்கூடிய பாரம் சராசரியாய் 27 கிலோ கூடியிருந்தது. அதிகப்படியாய்ப் புரோட்டீன் சாப்பிட்டதனால் அதற்குமேல் கூடியது 2½ கிலோ. அதாவது பயிற்சியின் பலன் பதினொரு பங்கென்றால், அதிகப் புரோட்டீனின் பலன் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு பங்குக்காரன் பதினொரு பங்கு பெருமையையும் தட்டிக்கொண்டு போகின்றானே, அது என்ன நியாயம் என்றுதான் கேட்கின்றோம். வியர்வை சிந்தியவன் வாலிபன். படத்தில் நிற்பது டப்பா! உழுதவன் ஒருவனாயிருக்க, விளைந்தது சாமியால் என்று சொல்லிப் படையல் கேட்கின்றவன் வேறொருவனாயிருப்பது நமக்குப் பழகிய கதைதானே!

அதிகமாய்ச் சாப்பிட்டால் ஏன் அதிகமாய் வளரக்கூடாது என்று சிலர் கேட்கலாம். வீடு கட்டுவதையே யோசித்துப் பாருங்கள். கொத்தனார் ஒரு நாளைக்கு ஐந்நூறு செங்கல் வைப்பார். செங்கல் இருநூறுதான் வந்தது என்றால் வேலை நிற்கும். அதற்காக வாசலில் ஐயாயிரம் செங்கலைக் கொட்டிவிட்டால் பத்து நாள் சுவர் ஒரே நாளில் எழும்பிவிடுமா? புரோட்டீன் செங்கல், பயிற்சியும் தூக்கமும் கொத்தனார், சோறும் எண்ணெயும் கொத்தனாருக்குக் கூலி. மிஞ்சிய செங்கலை உடம்பு அடுக்கி வைத்துக் கொள்வதுமில்லை. அதிலுள்ள நைட்ரஜனைப் பிரித்து மூத்திரத்தின் வழியாய்த் தள்ளிவிட்டு, மற்றதைச் சோற்றைப்போலவே எரித்துவிடுகின்றது. எரியாமல் மிஞ்சினால் கொழுப்பாக்கி வைக்கின்றது. அப்படியானால் மூவாயிரம் ரூபாய்ப் பொடியில் பெரும் பாகம் எங்கே போய்ச் சேருகின்றது என்பதை வாசகர்களே தெரிந்து கொள்ளலாம்.

இனி, இதற்கு முகூர்த்தம் வேறு வைத்திருக்கின்றார்கள். பயிற்சி முடிந்து அரைமணி நேரத்துக்குள் பொடியைக் கரைத்துக் குடித்துவிட வேண்டுமாம். தவறினால் அன்றைய உழைப்பெல்லாம் வீணாம்! ராகுகாலம் எமகண்டம் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று பெருமை பேசும் வாலிபன், கைக்கடியாரத்தைப் பார்த்துக் கொண்டே வாயில் நுரை தள்ளக் குடிக்கின்றான். இதையும் சோதித்திருக்கின்றார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பில், நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்த அளவைச் சரிசமமாக்கிப் பார்த்தபோது, இந்த முகூர்த்தத்தின் மகிமை மறைந்து போயிற்று. காலை, மதியம், இரவு என்று பிரித்து, மொத்த அளவு வந்து சேர்ந்தால் போதும்.

அந்த அளவுக்கு டப்பா வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளி, கிலோவுக்கு 1.6 வீதம் 96 கிராம் சாப்பிட வேண்டும். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி பொங்கினால் அதில் ஏறக்குறைய 30 கிராம் புரோட்டீன் வந்துவிடுகின்றது. அரிசியில் சத்தே இல்லை என்று சொல்லுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 75 கிராம் துவரம் பருப்பில் 16. மூன்று முட்டையில் 18. 50 கிராம் வேர்க்கடலையில் 12. 100 கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய 20. கூட்டிப் பாருங்கள், 96 ஆகின்றது. மீனும் முட்டையும் சாப்பிடாதவர், அதற்குப் பதிலாய் அரை லிட்டர் பாலும் 50 கிராம் சோயா உருண்டையும் சேர்த்துக் கொண்டால் கணக்கு இன்னும் சற்றுக் கூடவே வரும். அரிசியிலே குறைவாயிருக்கின்ற ஒரு கூறு பருப்பிலே இருக்கின்றதாகையால், சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கின்றது. இவை எல்லாம் தெருக் கடையில் கிடைக்கின்ற சாமான்கள். எதற்கும் மந்திரமும் வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம்.

அந்தப் பொடி விஷமா என்று கேட்டால், அப்படியும் நாம் சொல்லமாட்டோம். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சுகின்ற தெளிநீரைக் காயவைத்ததுதான் இப்போது அதிகமாய் விற்கின்ற பொடி. முன்னே அந்தத் தெளிநீரைப் பன்றிக்கு ஊற்றினார்கள். இல்லாவிட்டால் ஓடையிலே விட்டார்கள். அது ஆகாரந்தான், நல்ல ஆகாரமுங்கூட. கைநிறையப் பணமிருந்து, சமைத்துச் சாப்பிட நேரமில்லாதவர் வாங்கிக் குடித்தால் நமக்கென்ன ஆட்சேபணை? பால், முட்டை செய்யாத அற்புதத்தை அது செய்யும் என்பதைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

அன்றியும், டப்பாவுக்குள் இருப்பது மேலே எழுதியதுதானா என்பதும் ஒரு கேள்வி. புரோட்டீனைச் சாதாரணமாய் அளக்கும் முறை, நைட்ரஜனை அளந்து பெருக்கிச் சொல்லுவதாகும். நைட்ரஜனுள்ள வேறு மலிவுச் சரக்கைக் கலந்தாலும் அந்தச் சோதனையில் எண் ஏறிவிடும். சீனாவில் 2008-ல் பாலில் மெலமின் என்னும் ரசாயனத்தைக் கலந்து இப்படித்தான் ஏமாற்றினார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோய்ப்பட்டு, ஆறு குழந்தைகள் மாண்டு போயின. முட்டைக்குள் கலப்படம் செய்வது பொடியில் செய்வதைப்போல அவ்வளவு எளிதல்ல என்பதையாவது நமது வாலிபர்கள் யோசிக்கட்டும். பொடியோடு நிற்காமல் ஊசிக்கும் மாத்திரைக்கும் கூட்டிக்கொண்டு போகின்ற மாஸ்டர்களும் இருக்கின்றார்கள். சதை வளர்க்கும் அந்த ஸ்டீராய்டு மருந்துகள் இருதயத்தையும், ஈரலையும், ஆண்மையையும் கெடுக்கக் கூடியவை. அந்த வாசலை மிதிக்கவே கூடாது. சிறுநீரக வியாதியுள்ளவர்கள் நாம் மேலே சொன்ன அளவைக்கூட வைத்தியரைக் கேட்காமல் எடுத்துக் கொள்ளலாகாது.

இது ஒருபுறமிருக்க, மறுபுறத்தில் வேறொரு கூட்டம் இருக்கின்றது. முட்டையும் மாமிசமும் தாமசகுணத்தை வளர்க்கும், புத்தியை மழுக்கும், ஆகையால் தொடவே கூடாது என்பது அவர்கள் வாதம். தாங்கள் சாப்பிடாமலிருப்பது அவர்கள் இஷ்டம். அதில் நமக்குத் தகராறில்லை. பாலும் நெய்யும் பருப்பும் தாராளமாய்ச் சாப்பிடுகின்றவர்களுக்கு முட்டை இல்லாமற் போவதால் நஷ்டமொன்றுமில்லை. ஆனால் பாலுக்கும் நெய்க்கும் வழியில்லாதவன் தட்டிலிருக்கிற ஒரே முட்டையையும் பாவமென்று தட்டிவிடுவது எந்தத் தர்மம்? 2015-ல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனை மறுக்கப்பட்டது. 2021-ல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். நமது நாட்டிலோ சத்துணவில் 1989 முதல் முட்டை சேர்ந்து, 2010-ல் வாரத்துக்கு ஐந்து என்றாயிற்று. இதனால் எந்தப் பிள்ளையின் புத்தி மழுங்கிற்று என்று காட்டட்டும் பார்ப்போம்.

பலமென்பது பிறவியில் வருவது என்று சொல்லி வந்தவர்களுக்கும் இதில் ஒரு பாடமிருக்கின்றது. வெள்ளைக்கார சர்க்கார் சில ஜாதியாரை வீரஜாதி என்றும், மற்றவர்களை அல்லவென்றும் பிரித்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தது. நீலகிரியில் குன்னூரிலே மெக்காரிசன் என்னும் வைத்தியர், ஒரே வம்சத்து எலிகளைப் பிரித்து வைத்து, பஞ்சாபி உண்பதை ஒரு கூட்டத்துக்கும், வங்காளத்தான் உண்பதை ஒரு கூட்டத்துக்கும், சென்னை மாகாணத்து ஏழை உண்பதை ஒரு கூட்டத்துக்குமாகக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி இவைகளைத் தின்ற எலி கொழுத்து வளர்ந்தது. வெறும் அரிசியை நம்பிய எலி வாடிற்று. இதிலே புரோட்டீன் மாத்திரமல்ல, பாலிலும் காய்கறியிலும் உள்ள மற்றச் சத்துக்களும் சேர்ந்திருக்கின்றன. எப்படியானாலும், எலிக்கு ஜாதியில்லை. வித்தியாசம் தட்டிலிருந்துதான் வந்தது. 1918-ல் அந்தக் குன்னூரில் தோன்றிய ஸ்தாபனமே பிறகு ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. சதை வளர்ப்பதற்காகப் புரோட்டீன் பொடிகளைச் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி 2024-ல் சொன்னதும் அதே நிறுவனந்தான்.

"எங்கள் பாட்டன்மார் கூழைக் குடித்தே இளவட்டக்கல்லைத் தூக்கினார்கள்" என்று பழம்பெருமை பேசுகின்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கினவனை ஊர் நினைவில் வைத்திருக்கின்றது. தூக்க முடியாமல் சோகை பிடித்துக் கிடந்தவனையும், ஐந்து வயதுக்குள் செத்துப்போன அவன் தம்பி தங்கைகளையும் எந்தக் கல்லிலே எழுதி வைத்திருக்கின்றார்கள்?

ஆகவே, தோழர்களே! இரும்பைத் தூக்குங்கள், வாரம் இரண்டு மூன்று நாளாவது தவறாமல் தூக்குங்கள், பாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள், நன்றாய்த் தூங்குங்கள். உங்கள் எடையை 1.6-ஆல் பெருக்கி, வருகின்ற எண்ணை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி வையுங்கள். டப்பாவுக்குக் கொடுக்கின்ற பணத்துக்கு வீட்டில் முட்டையும் பருப்பும் கடலையும் மீனும் வாங்கிப் போடுங்கள். வாங்கியதை நீங்கள் மாத்திரம் தின்றுவிட்டு, கடைசியில் சாப்பிடுகின்ற உங்கள் தாயாருக்கும் மனைவிக்கும் ரசத்தை மிச்சம் வைப்பீர்களானால், உங்கள் தோள் எவ்வளவு பருத்தாலும் அது வெட்கத்துக்குரிய தோளேயாகும். தண்ணீர்க் குடத்தையும் செங்கல் கூடையையும் சுமக்கின்றவளுக்கும் சதை உண்டு. அதற்கும் புரோட்டீன் வேண்டும். வயது ஏற ஏறச் சதை கரைகின்றபடியால், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் முட்டையும் வேண்டும், தேகப்பயிற்சியும் வேண்டும்.

இனி எந்த மாஸ்டராவது, எந்தச் சாமியாராவது, எந்த வியாபாரியாவது ஆகாரத்தைப் பற்றி உபதேசம் செய்ய வந்தால் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை கிராம்? அளந்தது யார்? அளந்தவனுக்குக் கூலி கொடுத்தது யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவனுக்கு உங்கள் காசிலே ஒரு காசும் கொடுக்காதீர்கள்.